கவரிமாவின் வயிற்றில் ஒரு சிக்கனக் குடும்பம்

ஹஜ்ஜுப் பெருநாளன்று நண்பகலில் நம் இல்லங்களின் கொல்லைப்புறத்தில் வழக்கமாக ஒரு காட்சியைக் காணலாம். ஆண்கள் இறைச்சியைப் பங்கிட்டுக் கொண்டிருப்பார்கள். தாய்மார்கள் ஆட்டின் வயிற்றைச் சுடுநீரில் இட்டுச் சுரண்டித் துப்புரவு செய்துகொண்டிருப்பார்கள். வயிற்றை அறுத்துத் திறந்ததும் பாதி அரைபட்ட பச்சைத் தழைக்கூழ் குவியலாக வெளியே விழும். சிறுவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். கூழைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, துவாலைத் துணியைப் போன்ற வயிற்றின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

நாம் புதைத்துவிடும் அந்தக் கூழில்தான் ஆட்டின் அடுக்களை இருந்தது. ஆடு உயிரோடிருந்த வரையில் அதற்கு உணவு ஆக்கித் தந்தவை அக்கூழில் வாழ்ந்த, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. மரமே முளைக்காத உயர்ந்த பீடபூமிகளில், காற்றும் அரிதாகி, புல்லும் அரிதாகிப் போன இடங்களில், சில விலங்குகள் எவ்வாறு கொழுத்து வாழ்கின்றன என்பது நெடுங்காலமாக அறிவியலாளர்களின் கேள்வியாக இருந்து வந்தது. அந்த விலங்குகளின் அடுக்களையைத் திறந்து பார்த்தபோது விடையின் ஒரு பகுதி கிடைத்தது. அதனை இவ்விதழில் காண்போம்.

புல்லைச் செரிப்பது யார்?

புல்லின் பெரும்பகுதி செல்லுலோஸ் எனப்படும் நார்ப்பொருளால் ஆனது. இந்நாரைச் சிதைக்கும் நொதி நம் உடலில் இல்லை. வியப்பு என்னவென்றால், நாள் முழுவதும் புல் மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அந்நொதியைச் சுரக்கும் ஆற்றல் கிடையாது. அவற்றின் வயிறு நான்கு அறைகளாக அமைந்துள்ளது. முதலாவதும் மிகப் பெரியதுமான அறையை அசையூண் வயிறு என்பர். வளர்ந்த மாடு ஒன்றில் இது நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். இங்கே தேங்கும் சாற்றின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடி என்னும் அளவுக்குப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவற்றுடன் வேறு பல நுண்ணுயிர்களும், பூஞ்சைகளும் குடியிருக்கின்றன.

இவை பிராணவாயு இல்லாத இருட்டறையில் புல்லைப் புளிக்க வைக்கின்றன. தோசை மாவு புளிப்பதைப் போன்றதொரு வேலைதான் இது. புளிப்பின் விளைவாகக் காடியில் உள்ள அசெட்டிக் அமிலமும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. துவாலை போன்ற அந்த உட்புறச் சுவர் இவ்வமிலங்களை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றது. விலங்குக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வழியாகவே கிடைக்கின்றது. தாய்மார்கள் பெருநாளன்று சுரண்டித் தேய்க்கும் அந்தச் சிறுசிறு முளைகள் உணவைக் கொள்முதல் செய்யும் வாயில்கள் என்றால் மிகையாகாது.

பிராணவாயு பட்டால் மடிந்துவிடும் இந்த நுண்ணுயிர்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது எளிதன்று. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட் அதற்கான முறையை வகுத்தார். அசையூண் வயிற்றைப் பற்றி 1966-ல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தது.

அடுக்களையில் ஒழுகும் எரிவாயு

எந்த அடுக்களையிலும் கொஞ்சம் சேதாரம் உண்டு. புல் புளிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகின்றது. அது தேங்கினால் புளிப்பு வேலையே தடைப்படும். அதனை அகற்ற, பாக்டீரியாக்களினின்றும் வேறான ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர் இனம் ஒன்று முன்வருகின்றது. அது ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றுகின்றது. சாண எரிவாயு அடுப்பில் நீலநிறச் சுடராக எரிவதும் இதே மீத்தேன்தான். மாடு இதனைப் பெரும்பாலும் ஏப்பமாக வெளியேற்றிவிடுகின்றது.

எரியக்கூடிய வாயு வெளியே போகின்றது என்றால் ஆற்றல் வெளியே போகின்றது என்றே பொருள். அசைபோடும் விலங்கு உண்ட தீவனத்தின் ஆற்றலில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இவ்வாறு மீத்தேனாகக் கரைந்து போகின்றது. தீவனம் தாராளமாகக் கிடைக்கும் சமவெளியில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் வறுமைப்பட்ட வீட்டில் எரிவாயு உருளை ஒழுகினால் என்னவாகும் என்பதை இல்லத்தரசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

உலகத்தின் கூரையில்

இமயத்துக்கு வடக்கே விரிந்து கிடக்கும் சிங்காய்–திபெத் பீடபூமியை உலகத்தின் கூரை என்று அழைப்பர். அதன் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் அதிகம். காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றுதான் என்றாலும், மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகின்றது. 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். புல் தழைப்பது ஆண்டில் சில மாதங்களே. எஞ்சிய மாதங்களில் காய்ந்த சருகுகளையே மேய்ந்தாக வேண்டும்.

இந்நிலத்துக்கு உரிய விலங்கு யாக். தமிழ் இலக்கியம் கவரிமா என்று குறிப்பிடுவது இதனையே என்பது அறிஞர் கருத்து. புறநானூற்றின் 132-ஆம் பாடல் இமயத்தில் மேயும் கவரியைப் பாடுகின்றது. திருக்குறளின் 969-ஆம் குறளில் வருவதும் கவரிமாதான். ‘மா’ என்பது விலங்கைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் அது ‘மான்’ என்று திரிந்து, ஏதோ ஒரு மானைப் பற்றிய கதையாகிவிட்டது. விசிறும் கவரி, அதாவது சாமரம், இவ்விலங்கின் வால்மயிரால் செய்யப்படுவது.

கவரிமாவின் உடலமைப்பு உயரத்துக்கு ஏற்றதாக உள்ளது என்பது முன்பே அறியப்பட்டதுதான். மாட்டுக்கு 13 இணை விலா எலும்புகள் இருக்க, இதற்கு 14 அல்லது 15 இணைகள் உள்ளன. விரிந்த மார்புக் கூட்டுக்குள் பெரிய நுரையீரலும் பெரிய இதயமும் அடங்கியுள்ளன. சமவெளி மாட்டை உயரத்துக்குக் கொண்டு சென்றால் அதன் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் தளர்ந்து, கழுத்தடியில் நீர் கோத்து வீங்கிவிடும். கவரிமாவுக்கு அத்துன்பம் பெரும்பாலும் இல்லை. 2012-ல் அதன் மரபணுத் தொகுப்பு முழுவதும் படித்தறியப்பட்டது. அப்போது பிராணவாயுக் குறைவைச் சமாளிப்பதிலும் ஆற்றலைப் பயன்படுத்துவதிலும் பங்குபெறும் மரபணுக்களில் சிறப்பான மாற்றங்கள் காணப்பட்டன.

எனினும் மூச்சுக்கு வழி கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? வயிற்றுக்கு வழி வேண்டாமா?

வரவு கூடியது, வீண் குறைந்தது

இக்கேள்விக்கு விடை தேடிய சீன அறிவியலாளர் குழு ஒன்றின் ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. பீடபூமியில் வாழும் கவரிமாவையும் திபெத்தியச் செம்மறியையும், தாழ்ந்த நிலத்தில் வாழும் மாட்டோடும் சாதாரணச் செம்மறியோடும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். உயரத்தில் வாழும் இரண்டு விலங்குகளின் வயிற்றிலும் மீத்தேன் குறைவாகவும், உடலுக்குப் பயன்படும் கொழுப்பு அமிலங்கள் அதிகமாகவும் உண்டாவது தெரியவந்தது. நுண்ணுயிர்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, மேல்நிலத்து விலங்குகளில் அமிலங்களை ஆக்கும் வழிகள் மிகுந்திருந்தன. சமவெளி மாட்டிலோ மீத்தேனை ஆக்கும் வழிகள் மிகுந்திருந்தன.

அத்துடன் மற்றொன்றும் புலப்பட்டது. மேல்நில விலங்குகளின் வயிற்றுச் சுவரில், இவ்வமிலங்களை உறிஞ்சிக் கடத்துவதோடு தொடர்புடைய 36 மரபணுக்கள் கூடுதலான சுறுசுறுப்போடு இயங்கின. உள்ளே சமைப்பவர் வீணாக்காமல் சமைக்கிறார். வாயிலில் நிற்பவர் சிந்தாமல் வாங்கிக்கொள்கிறார். இருவரும் ஒத்துழைப்பதால் அதே பிடி புல்லிலிருந்து கூடுதல் பயன் கிடைக்கின்றது.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கவரிமா அம்மண்ணிலேயே தோன்றி வளர்ந்த இனம். செம்மறியோ மனிதனால் தாழ்நிலத்திலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட விருந்தாளி. ஒன்று மாட்டின் உறவு; மற்றொன்று ஆட்டின் உறவு. இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரே இடத்தில் வாழ நேர்ந்தபோது, அவற்றின் வயிற்று நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று ஒத்த சிக்கன முறைக்கு வந்து சேர்ந்துள்ளன.

கன்று பிறக்கும்போது அதன் வயிற்றில் இந்தக் குடித்தனம் அமைந்திருப்பதில்லை. தாய் நக்கிக் கொடுக்கும்போதும், மந்தையோடு ஒட்டி உறவாடும்போதும், தீவனத்தைக் கடிக்கும்போதும் நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றாக உள்ளே குடிபுகுகின்றன. உயரத்தில் வாழும் திறமையில் ஒரு பகுதி இரத்தத்தின் வழியாகவும், மற்றொரு பகுதி வளர்ப்பின் வழியாகவும் வருகின்றது.

ஆண்டிஸ் மலையின் சுண்டெலிகள்

உணவு வேறுபடுவதால்தான் நுண்ணுயிர்களும் வேறுபடுகின்றனவா, காற்றின் மெலிவுக்கும் அதில் பங்கு உண்டா என்று ஒருவர் வினவலாம். இதற்கு ஓரளவு விடை தருகின்ற ஆய்வு 2019-ல் தென் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறிச் சென்று அக்கண்டத்தில் பரவிய வீட்டுச் சுண்டெலிகளை, ஈக்குவடாரிலும் பொலிவியாவிலும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை பல இடங்களில் பிடித்து ஆராய்ந்தனர். உடல் எடை, உணவு முதலியவற்றால் வரும் வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பின்னரும், உயரத்துக்கேற்ப நுண்ணுயிர்கள் மாறியிருந்தன. பிராணவாயுவை அறவே வெறுக்கும் பாக்டீரியாக்கள் உயரம் கூடக் கூடப் பெருகும் போக்கைக் காட்டின. இரண்டு நாடுகளிலும் மிகுதியாகப் பெருகியிருந்தது பிரெவோடெல்லா என்னும் இனம். பிற ஆய்வுகளில், உயரத்தில் வாழும் மனிதர்களிடமும் அசைபோடும் விலங்குகளிடமும் இதே இனம் மிகுந்திருந்தது குறிப்பிடத்தக்கது.

இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. குடலின் சுவரிலிருந்து இரத்தத்தின் பிராணவாயு சிறிதளவு உள்ளே கசிகின்றது. வெளிக்காற்றில் அது குறைந்தால் உள்ளே கசிவதும் குறையும். அதனை வெறுக்கும் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல காலம்.

அப்படியானால், விலங்கு பிழைப்பது நுண்ணுயிர்களால்தான் என்று அறுதியிட்டுக் கூறிவிடலாமா? அவசரப்படுதல் கூடாது. ஒரு வீட்டில் செல்வமும் பூனையும் சேர்ந்திருந்தால், பூனையால் செல்வம் வந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டும் உடனிருப்பது வேறு. ஒன்றால் மற்றொன்று விளைவது வேறு. அதனை அறிய ஒரே வழி, நுண்ணுயிர்களை மட்டும் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்றிப் பார்ப்பதுதான். மலைக் காற்றைப் பற்றி அல்லாவிடினும், குளிரைப் பற்றி இத்தகைய சோதனை ஒன்றின் முடிவு 2015-ல் ஜெனீவாவிலிருந்து வெளியாயிற்று. 6 பாகைக் குளிரில் வைக்கப்பட்ட எலிகளின் குடல் நுண்ணுயிர்கள் பெரிதும் மாறின. அவற்றை எடுத்து, நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட வேறு எலிகளுக்குள் செலுத்தினர். குளிரில் வளராத அந்த எலிகளும் குளிரை முன்னிலும் நன்றாகத் தாங்கின. நுண்ணுயிர்கள் வெறும் உடனிருப்போர் அல்லர், உதவி செய்வோரும் ஆவர் என்பதற்கு இது வலுவான சான்று.

சாணத்தை உண்ணும் சிற்றுயிர்

அதே திபெத்தியப் பீடபூமியில் பைக்கா என்னும் சிற்றுயிர் வாழ்கின்றது. முயலுக்கு உறவு, ஆனால் குட்டைக் காதும் உருண்டை உடலுமாக எலியைப் போல் தோன்றும். அதன் எடை 150 கிராம் அளவே. கரடியைப் போல் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் வாய்ப்பு இதற்கில்லை. பனிக்காற்றில் இந்தக் கைப்பிடி அளவு உயிர் எவ்வாறு பிழைக்கின்றது என்பது ஒரு புதிராகவே இருந்தது.

ஜான் ஸ்பீக்மன் என்னும் அறிஞரும் அவருடைய சீனத் தோழர்களும் பல்லாண்டுகள் உழைத்து 2021-ல் விடையை வெளியிட்டனர். கோடையைவிட ஏறத்தாழ 25 பாகை குளிர்ந்த பருவத்தில், பைக்கா கூடுதலாக ஆற்றலைச் செலவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். அதுவோ தன் செலவை 29.7 விழுக்காடு குறைத்துக்கொள்கின்றது. உடல் வெப்பத்தைச் சற்றே தாழ்த்திக்கொள்கின்றது. அங்குமிங்கும் ஓடுவதையும் குறைத்துக்கொள்கின்றது.

அத்துடன் அது கவரிமாவின் சாணத்தை உண்கின்றது! பைக்காக்களின் இரைப்பையில் கவரிமாவின் மரபணுத் தடயம் கிடைத்தது. அவை சாணத்தை உண்ணும் காட்சியும் படமாக்கப்பட்டது. ஒருமுறை புளித்துப் பக்குவமான அப்பொருள் உறைபனிக் காலத்தில் எளிதில் கிடைக்கும் உணவாகின்றது. கவரிமாக்கள் மேயும் இடங்களில் பைக்காக்கள் அதிகமாக வாழ்வதும், குளிர்காலத்தில் அவற்றின் குடல் நுண்ணுயிர்கள் கவரிமாவினுடையவற்றை ஒத்திருப்பதும் கண்டறியப்பட்டன. பெரிய வீட்டின் அடுக்களையில் மிஞ்சியது சிறிய வீட்டின் உலையை மூட்டுகின்றது எனலாம்.

நஞ்சு வைத்தவர்கள்

இங்கேதான் மனிதனின் கை குறுக்கிடுகின்றது. பைக்காவும் புல் தின்னும், வளையும் தோண்டும். எனவே அது மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்கும் பகை என்றும், கால்நடையின் வாயிலிருந்து புல்லைப் பறிக்கும் திருடன் என்றும் கருதப்பட்டது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கி, பரந்த நிலப்பரப்புகளில் அதற்கு நஞ்சு வைக்கும் திட்டங்கள் நெடுங்காலம் நடத்தப்பட்டன. போட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் கொடிய நஞ்சும் அதற்குப் பயன்படுத்தப்பட்டது. ஒரு பாக்டீரியா பைக்காவை வாழவைக்க, மற்றொன்றைக் கொண்டு மனிதன் அதனைக் கொன்றான்.

ஆண்ட்ரூ ஸ்மித், மார்க் ஃபாகின் என்னும் இரு அறிஞர்கள் 1999-லேயே இதனைக் கேள்விக்குள்ளாக்கினர். பைக்கா தோண்டிய வளைகளில் சில பறவைகள் கூடமைக்கின்றன. நரியும் கரடியும் வல்லூறும் பைக்காவை நம்பி வாழ்கின்றன. நஞ்சிட்ட நிலங்களில் இவ்வுயிர்களும் குறைந்து போயின. பைக்கா வாழும் நிலத்தில் மழைநீர் மண்ணுக்குள் நன்கு இறங்குவதையும், அதனை ஒழித்த நிலத்தில் நீர் அவ்வாறு இறங்காததையும் 2015-ல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. மஞ்சள் ஆறும், யாங்சியும், மேகாங்கும் பிறக்கும் நிலம் அது. அங்கே மண்ணில் இறங்காத மழைநீரின் விளைவு கீழே வாழும் கோடானுகோடி மக்களைத் தொடும்.

மேய்ப்பர்கள் கண்டது பொய்யன்று. கால்நடை மிகுந்து புல் குட்டையான இடங்களில் பைக்கா பெருகத்தான் செய்யும். ஆனால் நிலம் கெட்டதன் அடையாளமாக வந்ததை, நிலத்தைக் கெடுத்ததாக எண்ணிவிட்டனர். கவரிமாவின் சாணமே பைக்காவின் குளிர்கால உணவு என்பது தெரிந்த பின்னர், இரண்டையும் வெறும் போட்டியாளர்களாக மட்டும் பார்க்க இயலவில்லை.

கொல்லைப்புறத்துக்குத் திரும்புவோம்

உயரத்தில் வாழும் விலங்கைப் பற்றிப் பேசும்போது அதன் நுரையீரலையும் இரத்தத்தையுமே முன்னர் பேசினார்கள். அவை இன்றியமையாதவை, ஐயமில்லை. ஆயினும் மூச்சில் கிடைத்ததைக் கொண்டு மட்டும் எவ்வுயிரும் குளிர்காலத்தைக் கடப்பதில்லை. வரும் சொற்பத்தில் எவ்வளவு வீணாகாமல் உடலில் சேர்கின்றது என்பதும் அதன் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. அந்தக் கணக்கைப் பார்ப்பவை, அவ்விலங்கு தன் கண்ணால் ஒருநாளும் காணாத உயிர்கள். மீத்தேனைக் குறைக்கும் அவற்றின் வழியை அறிந்துகொண்டால், பூமியைச் சூடாக்கும் அவ்வாயுவை நம் கால்நடைகளிலும் குறைக்க இயலுமா என்று அறிவியலாளர்கள் இப்போது ஆராய்ந்து வருகின்றனர்.

அடுத்த பெருநாளன்று ஆட்டின் வயிற்றைத் திறக்கும்போது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் சிறுவனைச் சற்று நிறுத்துங்கள். அந்தப் பச்சைக் கூழையும், துவாலை போன்ற சுவரில் அடர்ந்திருக்கும் முளைகளையும் அவனுக்குக் காட்டுங்கள். இன்று காலை வரையில் இதனுள் கோடானுகோடி உயிர்கள் அடுப்பெரித்துக்கொண்டிருந்தன என்று சொல்லுங்கள். நாற்றத்தை மறந்துவிட்டு, அவன் கேள்வி கேட்கத் தொடங்குவான்.